மூன்று கீறல்

ஸ்டோர்கீப்பர் யாரையும் நம்பமாட்டார். பம்பு தயாரிக்கும் கம்பெனியில் முப்பது வருஷமாகக் கிடங்குச் சாவி அவர் இடுப்பில்தான். ஒரு போல்ட் கேட்டு வந்தாலும் வந்தவனை ஏற இறங்கப் பார்ப்பார். யாரையும் திருடன் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வேலையைக் கண்ணே செய்துவிடும்.

இப்படிப்பட்டவர் தன் காரை ஒர்க்‌ஷாப்பில் விடுவாரா? ஒரே ஒருமுறை விட்டார். வண்டி திரும்பி வந்த மறுநாளே, நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு அரதப்பழசை மாட்டிவிட்டான் என்று அந்த நெட்டை மெக்கானிக்கோடு மல்லுக்கு நின்றார். நிரூபிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக் எல்லாம் அவர் கைவேலைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரியும். மாட்டுகிற ஒவ்வொரு சாமானிலும் ஆணியால் மூன்று கீறல் போடுவார், நடுக்கீறல் குட்டையாக. கிடங்கிலும் அதே அடையாளம்தான். இனி எந்தக் கொம்பனும் மாற்ற முடியாது என்று ஒரு மிதப்பு அவருக்கு.

அந்த மிதப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கியது. முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடை எடுத்துத் துடைத்தவர், கீறலைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று கீறல் இருந்தது. நடுக்கீறல் குட்டையாகவும் இருந்தது. ஆனால் மூன்றும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அவர் இடதுகைக்காரர். அவருடைய கீறல் எப்போதும் இடப்பக்கம்தான் சாயும்.

பிளக்கைக் கழற்றினார். வலப்பக்கம். ஃபில்டர் மூடி, அதுவும் வலப்பக்கம். தன் நல்ல சாமானை எவனோ உருவிக்கொண்டு, எதையோ மாட்டி, கள்ளக் கீறலும் போட்டிருக்கிறான். வண்டி வீட்டுக்குள்தான் நிற்கிறது. சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவரிடம், இன்னொன்று மனைவியிடம். மகள் வண்டி எடுத்தாலும் அம்மாவிடம் சாவி வாங்கித்தான் எடுப்பாள்.

அவர் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, மீட்டரைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மனைவி காய்கறி வாங்க வண்டியை எடுத்துப் போனாள். மார்க்கெட் போய்வர மூன்று கிலோமீட்டர். மீட்டர் பதினொன்று கூடியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. மனைவிக்கோ பெடல் எட்டுவதே பெரும்பாடு. யாரோ உயரமானவன் உட்கார்ந்திருக்கிறான். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளைப் பற்றி அன்று ராத்திரி அவர் என்னென்னவோ நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் நினைப்பதை நிறுத்த முடியவில்லை.

பதினொரு கிலோமீட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வழியில் ஒரே ஒரு நெட்டையன்தான் இருந்தான். மறுநாள் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, இனி மிதிக்கமாட்டேன் என்று சபதம் செய்திருந்த அதே ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தார்.

"என் சாமானையெல்லாம் எங்கய்யா வச்சிருக்க?"

மெக்கானிக் அசரவில்லை. "உக்காருங்க சார்" என்று சொல்லி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தான். "நீங்க என்னைக்காவது வருவீங்கன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க. அதான் எதையும் தூக்கிப் போடல."

பெட்டி நிறைய அவருடைய சாமான்கள். எல்லாவற்றிலும் இடப்பக்கம் சாய்ந்த மூன்று கீறல். மெக்கானிக் ஒரு பிரேக் பேடை எடுத்து நீட்டினான். உரசித் தேய வேண்டிய பக்கம் புத்தம்புதுசாக இருந்தது. தேயக்கூடாத இரும்புத் தகடு வரிவரியாகக் கிழிந்திருந்தது.

"இதத் திருப்பி மாட்டிட்டீங்க சார். இரும்பும் இரும்பும் உரசிக்கிட்டு ஓடியிருக்கு. சத்தம் வந்திருக்குமே."

வந்தது. புதுசுதானே, பழகினால் சரியாகிவிடும் என்று அவர்தான் சொன்னார். அதற்கு மறுநாள் மகள் அந்த வண்டியில் மலைப்பாதையில் தனியாகப் போனாள். அந்தப் பேடை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அக்கா விடல. ஞாயித்துக்கிழம வண்டிக்கு அடியில இருக்கறப்பதான் நீங்க சந்தோஷமா இருக்கீங்களாம். நீங்க எதையாவது பிரிச்சா அந்த வாரமே வண்டி இங்க வந்துரும். நானே வீடு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுக் குடுப்பேன்."

"கீறல் மட்டும் நீயே போட்டுடுவியா?"

"நான் போடல சார். மாத்தற சாமான்ல அக்காவேதான் போடுவாங்க. ஆணியக்கூட வீட்லேர்ந்து எடுத்துட்டு வருவாங்க."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பிரேக் பேடை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எம்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"உங்கமேல இருக்கு. நீங்க முடுக்கற நட்டுமேலதான் இல்ல."

"எல்லாமே தப்பாவா செஞ்சிருந்தேன்?"

"பாதி சரியாத்தான் இருந்துச்சாம். ஆனா எந்தப் பாதின்னு எனக்கெப்படித் தெரியும்? ஓட்டறது நம்ம பொண்ணு."

எப்படித் தெரியும் என்பது கிடங்கில் அவர் கண் மற்றவர்களிடம் தினமும் கேட்கிற கேள்வி. தன்னிடம் கேட்கப்படும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்துப் பிரேக்கைப் பிரித்து மாட்டினார். ஆணியைத் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தன் சாவியையே மனைவியிடம் நீட்டினார்.

"அவன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடு."

அவள் ஏறி உட்கார்ந்து, கிளப்பாமல் காத்திருந்தாள். அவர் சட்டைப்பையைத் தடவித் துண்டுச் சீட்டை எடுத்து, ஜன்னல் வழியாகக் குனிந்து மீட்டரைக் குறித்துக்கொண்டார். குறித்து முடித்த பிறகுதான் அவள் வண்டியை எடுத்தாள்.