மீனுக்குப் போட்ட ஊசி

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது என் வேலை. எட்டுப் பெண்கள் வரிசையாக உட்காருவோம். ஆளுக்கு ஒரு கட்டை, ஒரு கத்தி. மீன் வாங்கியவர்கள் எங்களிடம் கொண்டு வருவார்கள்.

நாலு வருடமாக எனக்கு ஒரு தொல்லை. திடீரென்று முகம் சிவக்கும். உடம்பெல்லாம் தடிக்கும். தொண்டை இறுகும். இரண்டு முறை வரிசையிலேயே மயங்கி விழுந்தேன். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, தொழிலை விடு என்றார்கள். நான் விடவில்லை. அன்று பிடித்த சங்கராவை அன்றே குழம்பு வைத்துத் தின்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதே குழம்பை மறுநாள் காலையில் தின்றால்தான் தடிக்கும். எங்கள் பக்கம் மறுநாள் குழம்புக்குத்தான் ருசி. அதனால் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். உடம்பைக் காக்க மாஸ்ட் செல் என்று ஒன்று எல்லோருக்கும் உண்டாம். என்னுடையது சும்மாவே ஊரைக் கூட்டுகிறதாம். தீராது, அடக்கி வைக்கலாம் என்றார். இரண்டு வேளை மாத்திரை. பழைய குழம்பு, கருவாடு கூடாது. வலி மாத்திரையை நானாக வாங்கித் தின்னக் கூடாது. உச்சி வெயில் ஆகாது. தொண்டை இறுகினால் உடனே தொடையில் ஊசி, பிறகு ஆஸ்பத்திரி. ஊசியும் மருந்தும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வரிசைக்கு வந்து சொன்னபோது பக்கத்துக் கட்டை அக்கா சரி என்று சொல்லவில்லை. வரிசையில் இடம் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான்.

"நீ கத்தியோட சாயுற. பக்கத்துல நான் குந்திகினு கீறேன். உனுக்கு யாருடி ஊசி போடுவா?"

"நீதான்க்கா."

"நானா? ஊசிய பாத்தாலே எனுக்குக் கையி ஒதறும்."

"தெனம் எத்தினி தல வெட்டற!"

"அதுங்கோ செத்துப்போனதுங்கோடி."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் டைம். ஊசி போட ஆளக் காட்டு. இல்லாங்காட்டி எடத்த வுட்டுடு."

மற்ற ஆறு பேரிடமும் கேட்டேன். யாரும் வரவில்லை. மறுபடி அக்காவிடமே போனேன். என் காசில் ஒரு வஞ்சிரத் துண்டு வாங்கி, புது ஊசியில் தண்ணீர் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"இதுல குத்திப் பழகுக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். எதிரில் பையோடு ஒரு ஆள் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, மீனுக்கு ஊசி போடுறீங்க? கெடாம இருக்க பார்மலினா?"

"யோவ், தண்ணிய்யா அது!" என்றார் அக்கா.

"ஓ, தண்ணி ஏத்தி எடை கூட்டறீங்களா?"

போனை எடுத்துப் படம் பிடித்தார். கூட்டம் கூடிவிட்டது. வெட்டக் கொடுத்த மீனைச் சிலர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வரிசையே என்னைத் திட்டியது.

அதுவரை வாங்க வருபவர்களிடம் என் நோயைச் சொன்னதில்லை. எழுந்து நின்றேன்.

"ஊசி மீனுக்கு இல்ல, எனுக்கு. நான் மயக்கம் போட்டு வுழுவேன். அப்ப போடறதுக்கு இந்த அக்கா பழகுது."

படம் பிடித்தவரிடம் மருந்துச் சீட்டை நீட்டினேன். அவர் படித்தார். போனைப் பைக்குள் வைத்தார்.

"வாழத்தண்டுல பழகுங்கம்மா. மீன வச்சிப் பழகுனா எவன் வாங்குவான்?"

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார்.

"எட்டுப் பேரு பொழப்ப நாறடிச்சிட்ட."

"தப்புதான்க்கா."

"இத்தினி பேரு எதுர்ல என்னக் காட்டிட்ட. இனிமே நான் மாட்டேன்னா காறித் துப்புவானுங்கோ. நாளைக்குத் தண்டு எட்தா."

நாலு நாள் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் பழகினார். முதல் நாள் இரண்டு ஊசியை வளைத்தார்.

அடுத்த மாதம் ஒரு காலை, கத்தியைக் கீழே வைக்கும்போதே தொண்டை இறுகியது. அப்படியே படுத்தேன். மீன் கூடைமேல் என் காலைத் தூக்கி வைத்தார்கள். அக்கா புடவையோடு சேர்த்துத் தொடையில் குத்தினார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வரை வந்தார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு நாள் கழித்து விடியும்போது போனேன். என் கட்டையை யாரோ கழுவி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். ஒருவர் கிழங்கா மீன் கொண்டுவந்தார். வெட்டினேன்.