விசாலம் டீச்சர் வழி பார்த்த கொச்சி

விசாலம் டீச்சர் இறந்த செய்தி மீன்கறிக்கும் சாம்பாருக்கும் நடுவே வந்தது. நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை முழுவதும் கொச்சிப் பயணத்தின் மதியச் சாப்பாடு பற்றித் தகராறு. நான் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடை வாசலில் நின்றபடி, சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர்கள் அரண்மனையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அனுப்புவதற்குள் செயலாளர் அனந்துவின் செய்தி வந்து விழுந்தது. டீச்சர் காலையில் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். அந்தச் செய்திக்குக் கீழே யாரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். மீன்கறிக்குப் போட்ட விரல், இடம் மாறிவிட்டது என்று பிறகு விளக்கம் சொன்னார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் மறக்கப் போவதில்லை.

இதை எழுதச் சொன்ன அனந்து, "சாரே, ஒண்ணும் தோணக்கூடாது, தப்பா எடுத்துக்காதீங்க, நல்லதா மட்டும் எழுதுங்க" என்றார். நல்லதாக மட்டும் எழுதினால் அது டீச்சரைப் பற்றியதாக இருக்காது. எங்கள் இருவருக்கும் ஆகாது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். காரணம் மட்டும் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவர் வரலாறு, நான் தமிழ். அவர் என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். முதல்வர் பொறுப்பை அவர் பார்த்துக்கொண்ட காலத்தில், தமிழ்த் துறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அறையை எடுத்து, வரலாற்றுத் துறை சேர்த்து வைத்திருந்த பானை ஓடுகளுக்குக் கொடுத்தார். ஓடுகளுக்குக் காற்றோட்டம் வேண்டுமாம். எங்களைச் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார். சண்டைக்குப் போனேன்.

"உங்க தமிழுக்கு ஜன்னல் என்னத்துக்கு சார்? நீங்க வகுப்பெடுத்தா ரோட்டு வரைக்கும் கேக்கறது. ஓட்டுக்கு வாய் இல்லையே" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இன்னும் ஓய்வு பெறவில்லை, இன்றும் அதே கொட்டகைப் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். பானை ஓடுகள் நன்றாகக் காற்று வாங்குகின்றன.

ஓய்வுக்குப் பிறகு டீச்சர் நம் வட்டத்துக்கு வந்தார். அங்கும் அவரைச் சந்திக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஒரு பழைய ஊருக்கு ஒருநாள் பயணம் போவது நம் வழக்கம். டீச்சர் பொறுப்பேற்பதற்கு முன்பு அதை அனந்து நடத்திய விதம் நினைவிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு திங்கட்கிழமை ஒரு பேருந்து நிறையக் கூட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருந்த டீச்சரும் வண்டியில் இருந்தார். மூடிய கதவுக்கு முன்னால் எல்லாரும் அனந்துவைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, டீச்சர் தூக்குவாளியைத் திறந்து புளியோதரையை இலையில் வைக்கத் தொடங்கினார். "கதவு மூடியிருக்குன்னு வயத்துக்குத் தெரியுமோ? உக்காருங்கோ எல்லாரும்." சாப்பிட்டு முடித்ததும் அனந்துவைப் பார்த்து, "அடுத்த வருஷத்திலேருந்து வழியை நான் பார்க்கறேன்" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். எனக்கு அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் வழி பார்க்கும் முறையை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, போக வேண்டிய ஊருக்கு அவர் ஒருமுறை போய்வருவார். தனியாகப் போகமாட்டார். நம்மில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போவார். பெரும்பாலும் அது போனக்காட்டு ஞானமுத்து. அந்த மலையின் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். சரிவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின் இப்போது நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் எங்கே மூச்சு வாங்கி நிற்கிறார், எங்கே கழிப்பறை கேட்கிறார், எங்கே உட்கார இடம் தேடுகிறார் என்பதை வைத்தே டீச்சர் பயணத்தை வகுப்பார். "மெதுவா நடக்கறவா எங்கே நிக்கறாளோ, அங்கேதான் மத்தவாளும் நிக்கணும். வேகமா போறவாளுக்கு வழி எதுக்கு? அவா தானே போயிப்பா" என்பார்.

இந்த முறையால் பாதிக்கப்பட்டவன் நான். ஒவ்வொரு பயணத்திலும் என் விரிவுரை வெட்டப்பட்டது. ஞானமுத்துவின் இடுப்புக்கு ஓய்வு தர, கல்வெட்டின் முன்னால் நான் கேட்ட நேரம் போய்விடும். இரண்டு முறை நான் கொச்சிப் பயணத்துக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தேன். மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் கோயில், பழைய தேவாலயம், டச்சுக் கல்லறைத் தோட்டம், சீன வலை, மிளகுக் கிட்டங்கிகள் என ஒன்றையும் விடவில்லை. டீச்சர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது யாத்திரை இல்லை சார், சிலபஸ். பரீட்சை எப்போ?" கூட்டம் மறுபடியும் சிரித்தது. இரண்டு முறையும் கொச்சி தள்ளிப்போயிற்று.

ஆகவே, சில மாதங்களுக்கு முன் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த வருஷம் கொச்சிதான். வழி பார்க்கப் போகணும், ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்று கேட்டபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

"ஞானமுத்து வர்றாரா டீச்சர்?"

"இல்லை. அவர் இப்போ என்னைவிட வேகமா நடக்கறார்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

ரயில் நிலையத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது. புடவை அவர்மேல் தொங்கியது. புறங்கையில் ஊசி ஏற்றிய இடங்கள் நீலம் பாரித்திருந்தன. பெட்டியில் ஏறியதும் ஜன்னலோர இருக்கையை எனக்குக் காட்டினார்.

"நீங்க உக்காருங்கோ. உங்களுக்கு ஜன்னல் ஒண்ணு பாக்கி இருக்கே."

உட்கார்ந்தேன். நன்றி சொல்லவில்லை. ஓர் அறையை எடுத்துக்கொண்டு ஓர் இருக்கையைத் தந்தால் கணக்கு தீர்ந்துவிடாது. கொல்லம் வரை காயலைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் எதிரே தூங்கிக்கொண்டு வந்தார்.

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகில் போனோம். டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்றேன். "கொச்சிக்கு வந்தவா எல்லாரும் தண்ணி வழியாத்தானே வந்தா? நாம மட்டும் பாலத்து மேலே போனா எப்படி?" என்றார். நான் கொடுத்த திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த வாக்கியம் அது. வாசித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. படகிலேயே என் திட்டத்தை வெட்ட ஆரம்பித்தார். கல்லறைத் தோட்டம் போயிற்று. தேவாலயம் போயிற்று. கிட்டங்கிகளை ஆட்டோவிலிருந்து பார்த்தால் போதுமாம். நான் குரலை உயர்த்தினேன். பக்கத்திலிருந்த மீன் கூடைக்காரப் பெண் எங்களைக் கணவன் மனைவி என்று நினைத்து, "சேட்டா, பாவம், சேச்சியைத் திட்டாதே" என்றாள். டீச்சர் படகு குலுங்கச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு டச்சு அரண்மனை என்று பெயர். கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். பெயர் மட்டும் பின்னால் பழுது பார்த்த டச்சுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் நடப்பது அதுதான் என்று நான் சொல்லிக்கொண்டே போக, டீச்சர் மாடிப்படிக்குக் கீழே நின்றுவிட்டார். செங்குத்தான படி. கைப்பிடியைப் பிடித்தார், ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார்.

"நான் இங்கே இருக்கேன். நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்கோ."

மேலே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். அவர் மரநிழலில் ஒரு சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன். பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் எப்படி ஓடுகிறது, சிவப்பும் பச்சையும் எந்த இடத்தில் இன்னும் மங்காமல் இருக்கின்றன, ஜன்னல் வெளிச்சம் எந்த முகத்தில் விழுகிறது என்று சொல்லத் தொடங்கினேன். இவ்வளவு காலப் பழக்கத்தில் முதல்முறையாக அவர் என்னை இடைமறிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால், "உம், அப்புறம்?" என்றார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முடித்தபோது எங்களைச் சுற்றி, படி ஏற முடியாமல் கீழே விடப்பட்டிருந்த நான்கைந்து வயதானவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "இதுதான் உங்க லெக்சர் சார். இங்கேதான். மேலே ஏறினவா தானே பார்த்துப்பா, அவாகிட்டே பேசினா தொந்தரவு. ஏற முடியாதவாளுக்கு நீங்க வேணும். ஒரு மணி நேரம் எழுதிக்கறேன். ஒரு நிமிஷம்கூட வெட்டமாட்டேன்."

பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்தே பயணத்துக்கான ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து அறிவித்தார். பிறகு அந்தச் செய்தி வந்தது.

பதின்மூன்றாம் நாள் கழிந்து நம் குழு கூடியபோது நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். "துக்கம் உள்ள சமயம், சாரே. அரண்மனை, படகு, அலச்சல் எல்லாம் வேண்டாம். எர்ணாகுளத்திலே மெட்ரோவிலே ஒரு ரவுண்ட், மாலிலே நல்ல ஊணு, ஏசியிலே இருந்துட்டு வந்துடலாம். அது மதி, அது போதும்" என்றார் அனந்து. பலர் தலையாட்டினீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. துக்கத்துக்கு மால் பொருந்தும், படகு பொருந்தாது என்பதை எந்த சாஸ்திரத்தில் படித்தீர்கள் என்று நான் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஞானமுத்துதான் பேசினார். "டீச்சரம்மா பாத்து வச்ச வழியில போவோம் சார். திரும்ப ஒருக்கா வழி பாக்கணும்னா நான் வாரேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் போனோம். அதே ரயில், அதே படகு. மரநிழல் மேடை காலியாக இருந்தது. அவரை அதில் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நான் மேல ஏறிப் பாக்கேன் சார்" என்றார் ஞானமுத்து.

"படி செங்குத்து. டீச்சராலேயே முடியவில்லை."

"கீழ உக்காந்து உங்க பேச்சக் கேக்கதுக்கு, மேல ஏறிரலாம்."

ஏறினார். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. நான் ஒரு படி கீழே, அவர் சாய்ந்தால் தாங்கும் தூரத்தில் நின்று ஏறினேன். எங்களுக்குப் பின்னால் சேர்ந்த கூட்டம் முணுமுணுத்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டது. பள்ளியறையில் அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்கவில்லை. என்னால் அது முடியும் என்று எனக்கே தெரியாது.

ஆகவே, திட்டம் மாறவில்லை. குறித்த ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் போகிறோம், தண்ணீர் வழியாக. மால் வேண்டுகிறவர்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம். படியில் ஞானமுத்து முதலில் ஏறுவார். அவரை யாரும் முந்தக் கூடாது. மதியத்துக்கு மீன்கறியா சாம்பாரா என்பதை இனி குழுவில் எழுதாதீர்கள்.

அந்த அறையை நான் மன்னிக்கவில்லை. டீச்சர் இருந்திருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன். அவரும் திருப்பித் தந்திருக்க மாட்டார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை, மெதுவாக நடக்கிறவருக்கு ஒரு படி கீழே நிற்கும் பழக்கமும், மரத்தடியில் வெட்டப்படாத ஒரு மணி நேரமும். ஞானமுத்துவை மேலே சேர்த்துவிட்டு அந்த மேடைக்கு வந்து உட்கார்வேன். ஏற முடியாதவர்கள் வாருங்கள். யாரும் வராவிட்டாலும், பள்ளியறைச் சுவரிலிருந்து தொடங்கி முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். படிக்குக் கீழே நின்றுவிட்ட ஒருவர் அதை இன்னும் பார்க்கவில்லை.