அண்ணிக்கு விட்டுக்கொடுத்த வக்கீல்

சந்திரலேகாவுக்கு எடுத்தெறிந்து பேச வராது. வேலை இடத்தில் மட்டும் வரும். கடலூர் முதுநகரில் கணவர் தொடங்கிய ஐஸ் கம்பெனியை, அவர் மாரடைப்பில் போன பிறகு அவள்தான் நடத்தினாள். சிதம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்துப் போவாள். ஐஸ் பார் தாமதமானால் மெஷின்காரரையும், வண்டி தாமதமானால் டிரைவரையும் ஒரு பிடி பிடிப்பாள். உறவுக்காரர்கள் முன்னால் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, யாருக்கும் தெரியாது.

அந்தக் குணத்தை நன்றாக அறிந்தவன் கொழுந்தன் மணவாளன். கம்பெனியில் அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி அவனுக்கும் அவன் மனைவிக்கும். ஒரு நாள் மீட்டிங் போட்டு அவளை டைரக்டர் பதவியிலிருந்து தூக்கினான். மறுநாள் அவள் போனபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"சார் உட வேணாம்னுட்டாருங்கம்மா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

இடத்தை யாருக்கோ விற்கப்போகிறான் என்ற பேச்சும் துறைமுகத்தில் கிளம்பியிருந்தது. ஐஸ் கம்பெனி இல்லாத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று மாலையே மணவாளன் பழமும் கையுமாக வீட்டுக்கு வந்தான்.

"கேஸ் போடறதுன்னா போடுங்க அண்ணி, தப்பே இல்ல. நம்ம சுப்புரத்தினம் மாமாவையே வச்சிக்குங்க. நான் வெளிய ஆளப் பாத்துக்கறேன்."

குடும்பத்தில் சண்டை வந்தால், வக்கீல் மாமாவிடம் யார் முதலில் ஓடுவது என்பதில்தான் போட்டியே நடக்கும். கடலூர் கோர்ட்டில் நிலத் தகராறு என்றால் அவர் பேர் தெரியாதவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவரை விட்டுக்கொடுக்கிறானே என்று சந்திரலேகாவுக்கு மனசு இளகிவிட்டது. இளகியிருக்கவே கூடாது.

மாமா பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அவருக்குக் கைவந்த வழி அதுதான். வாய்தா மேல் வாய்தா. மணவாளனின் வக்கீல் எதையும் எதிர்க்கவில்லை. பதில் மனுவுக்கு அவகாசம் மட்டும் கேட்டார். கோர்ட் வராந்தாவில் மணவாளன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான், ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

பயம் தாங்காமல், மாமாவுக்குத் தெரியாமல் சிதம்பரத்தில் பவானியைப் போய்ப் பார்த்தாள். கம்பெனி வழக்குகளுக்காகச் சென்னைக்குப் போய் வருகிற வக்கீல் அவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பவானி பேனாவை மூடி வைத்தாள்.

"அக்கா, அந்த எடம் கம்பெனி பேர்ல இருக்கு. பாகம் பிரிக்க அது என்ன பாட்டன் நெலமா? ஷேர் வச்சிருக்கறவங்கள நசுக்கறாங்கன்னா, சென்னையில கம்பெனி தீர்ப்பாயத்துக்குத்தான் போவணும். கடலூர் கோர்ட்டுக்கு அதுல அதிகாரமே கெடையாது. அங்கன்னா, எடத்த விக்கக் கூடாதுன்னு மொதல்லயே தடை கேட்டிருக்கலாம்."

"இது மணவாளனுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா மாமாவ உங்களுக்கு உட்டுக்குடுத்தாரு? நீங்க கடலூர்ல நிக்கிற வரைக்கும் அவருக்கு ஜாலிதான். இந்த வாரமே அந்த கேஸ வாபஸ் வாங்குங்க. புது மனுவ நான் ரெடி பண்றேன்."

வாபஸ் வாங்குவதென்றால் மாமாவிடம் போய்க் கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அப்படிக் கேட்பது உறவையே வெட்டிக்கொள்வது மாதிரி. அதிலும் மாமா மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பந்தல்கால் நட்டிருக்கும் வீட்டுக்குள் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"கல்யாணம் முடியட்டும்மா. மறுநாளே கேட்டுடறேன்."

"அதுவரைக்கும் அவரு சும்மா இருப்பாராக்கா?"

சந்திரலேகா எழுந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

திருவதிகைக் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் பந்தி ஆரம்பமாகியிருந்தது. பெண் வீட்டுக்காரியாக அவள் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். மணவாளன் ஒருவரைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்தான்.

"அண்ணி, நம்ம ஐஸ் கம்பெனி எடத்த வாங்குனவரு இவருதான். நேத்துதான் ரிஜிஸ்டர் ஆச்சு. அடுத்த வாரம் கட்டடத்த இடிக்கறாரு."

வந்தவர் கும்பிட்டார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"வாங்க" என்றாள். "சாப்டுட்டுப் போங்க."