கழுவெளி முரசில் திருத்தம் கிடையாது

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குச் சாமுண்டீஸ்வரி மூன்று துணி கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறுகிறார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் இருக்கும் அவருடைய ஜெராக்ஸ் கடையின் முகப்பில் ஒரு நைலான் கயிறு உண்டு. அந்த வாரத்துக் ‘கழுவெளி முரசு’ முதல் பக்கம் ரோட்டைப் பார்க்கும்படி அதில் தொங்கவிடப்படும். பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் நின்று ஓசியில் படிப்பார்கள். “காசு குடுத்து வாங்கிப் படிச்சா கண்ணு கெட்டா பூடும்?” என்று கிளிப் கவ்விய வாயாலேயே கேட்பார். கேட்டுக்கொண்டே, கண்ணாடி எடுத்துவர மறந்தவர்களுக்காக ஒரு பூதக்கண்ணாடியைச் சணல் கயிற்றில் கட்டிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார்.

முரசுக்கு உரிமையாளர், ஆசிரியர், நிருபர், படம் எடுப்பவர், பக்கம் கட்டுபவர், வீடு வீடாகப் போடுபவர் எல்லாம் அவர்தான். வயது ஐம்பத்து மூன்று. புடவைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, கொண்டையில் பேனா, டிவிஎஸ் வண்டியின் முன்னால் ஒரு கூடை. குறிப்பேடு என்று எதுவும் கிடையாது; செய்தியை இடது உள்ளங்கையில்தான் எழுதிக்கொள்வார். ஒருமுறை தட்டச்சு செய்வதற்கு முன்னால் பாத்திரம் தேய்த்துவிட்டதால் ஒரு கிராம சபைக் கூட்டமே சாம்பாரோடு கழுவிக்கொண்டு போய்விட்டது. அந்த வாரம் அந்த இடத்தில் பாகற்காய்ப் பொரியல் செய்முறை வந்தது.

நான்கு பக்கம்தான் பத்திரிகை. வியாழக்கிழமை சாயங்காலம் புதுச்சேரி அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்பிவிட்டால், மறுநாள் முதல் பஸ்ஸில் கட்டாக வந்து இறங்கிவிடும். எந்தத் தெருக் குழாயில் காற்று மட்டும் வருகிறது, யார் வீட்டுக் கன்றுக்குட்டியைக் காணவில்லை, கோட்டக்குப்பத்தில் யார் மகன் துபாயிலிருந்து வந்திருக்கிறான், இடையஞ்சாவடியில் யாருக்கு நர்ஸ் வேலை கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். “உலகத்து நியூஸுக்கு போன் இருக்குது. நம்ப கொழாயில தண்ணி வரலன்றது போன்ல வருமா?” என்பார்.

ஆனால் ஊர் முதலில் திருப்புவது மூன்றாம் பக்கத்தைத்தான். அங்கே ‘அக்கம்பக்கம்’ என்று ஒரு பகுதி. யார் யாருக்கு என்ன ஒத்தாசை செய்தார்கள் என்று ஐந்தாறு வரிகளில், பெயரும் தெருவும் போட்டு, புகழ்ந்து வரும். அதில் முக்கால்வாசி நடந்தவை. மீதிக் கால்வாசி இன்னும் நடக்காதவை.

செல்போன் கடைக் கலையரசனின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்களுக்காகத் தம் கடை வாசலில் அவர் மண்பானையில் குடிதண்ணீர் வைத்திருப்பதாகப் போன சித்திரையில் முரசு பாராட்டியது. கலையரசனுக்கே அது செய்தி. ஒன்பது மணிக்குக் கடை திறக்க வந்தபோது, வாசலில் ஆறு பேர் காலி பாட்டிலோடு நின்றார்கள். பதினோரு மணிக்குப் பானையும் டம்ளரும் வந்துவிட்டன. ஆட்டோ பிரபாகரனுக்கும் இதே கதிதான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிச் செல்வதாகப் பத்திரிகையில் வந்தபின், திங்கட்கிழமை காலையில் நான்கு மாணவிகள் ஹால் டிக்கெட்டோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். வண்டியை எடுக்காமல் என்ன செய்வார்?

“இப்படிப் பொய்யா போடறியே” என்று கேட்டால் சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வரும். “பொய்யி இல்லம்மா. ரெண்டு நாளு முன்னாடி வந்துடுச்சி, அவ்ளோதான். பாதி மனசு அவங்களுக்கே இருக்கணும். மீதியத்தான் நா அச்சுல போடறேன்.” பாதி மனசு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது தொழில் ரகசியம்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பதினோரு வருஷத்தில் முரசு ஒரு திருத்தம்கூட வெளியிட்டதில்லை. தப்பே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

தப்பு நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். உப்பளத்துத் தனகோடியின் அப்பா ஒரு வியாழக்கிழமை மதியம் காலமானார். மறுநாள் சவ எடுப்பு. அழுகையோடு அழுகையாகத் தனகோடி தன் போனிலிருந்து ஒரு படத்தைக் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கு அனுப்பிவைத்தார். உப்புக் குவியலுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும் படம் அது. இருவர் தலையிலும் துண்டு, இருவருக்கும் வெயிலில் இடுங்கிய கண். சாமுண்டீஸ்வரி காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கி, அச்சகத்தோடு சண்டை போட்டுக்கொண்டே ஒருவரை வெட்டி எடுத்தார். பின்னால் நீல ஆகாயம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே கண்ணீர்த் துளிகள், அவற்றின் நடுவில் பொடி எழுத்தில் பெயர். தோளில் யாருடையதோ நான்கு விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு இருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை.

வெட்டி எடுத்த ஆள், பக்கத்து அளத்துக்காரர் தெய்வசிகாமணி. காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் மூன்று மாலைகள் வந்து இறங்கின. யாரோ போனில் சொல்லக் கேட்டு, அனுமந்தையிலிருந்து அவருடைய தங்கை கிடைத்த பஸ்ஸில் மாரடித்துக்கொண்டே வந்தாள். வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்த அண்ணனைப் பார்த்து மயக்கமே போட்டுவிட்டாள். முந்தின வாரம்தான் வாய்க்கால் மடை திறப்பது பற்றி அவருக்கும் தனகோடிக்கும் கொஞ்சம் வாய்த்தகராறு ஆகியிருந்தது. தனகோடி வேண்டுமென்றே தன் படத்தைக் கொடுத்துவிட்டான் என்று தெய்வசிகாமணி முடிவு கட்டிவிட்டார். அன்றைக்கு எடுப்புக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் இல்லை.

தெய்வசிகாமணி கேட்க வந்தபோது சாமுண்டீஸ்வரி சொன்னது ஒரே வாக்கியம். “எங்களுக்கு வந்த போட்டோவத்தாண்ணா போட்டோம்.” அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சரியான படத்தைக் காரியத்தன்று நினைவஞ்சலி என்று கட்டணமில்லாமல் போட்டுத் தனகோடியையும் சமாளித்துவிட்டார். பத்திரிகையின் பெயர் பிழைத்தது. தன் ஒரு வாக்கியத்தால் இரண்டு அளத்துக்காரர்கள் ஒரே வரப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு அவ்வப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

இந்த வருஷம் வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, தனகோடி கடைக்கு வந்தார். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், எடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

“மோட்டாரு காயில் எரிஞ்சிடுச்சிக்கா. ரீவைண்டிங்குக்கு ஒரு வாரம் ஆவுமாம். பாத்தியில தண்ணி இல்ல.”

“அது வரைக்கும் தாங்காதாப்பா?”

“இந்த வெயில்லயா? காஞ்சி வெடிச்சிடும்க்கா. அப்பறம் மறுபடியும் மொதல்லேர்ந்து மிதிச்சிப் பாத்தி கட்டணும். சீசனே பூடும்.”

“பக்கத்துல தெய்வசிகாமணி ஷெட்டுல ஆயில் இன்ஜின் சும்மாத்தான கெடக்குது?”

தனகோடி ஜெராக்ஸ் தாளை நான்காக மடித்தார். பிறகு அதையே எட்டாக மடித்தார். அவர் போனதும் சாமுண்டீஸ்வரி கொண்டையிலிருந்து பேனாவை உருவினார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் ‘கைகொடுத்த பக்கத்து அளம்’ என்ற தலைப்பு வந்தது. மோட்டார் பழுதாகித் தவித்த தனகோடிக்குத் தம் ஆயில் இன்ஜினைத் தாமே முன்வந்து கொடுத்த பெருந்தகை தெய்வசிகாமணியை உப்பளத் தொழிலாளர்கள் மனதாரப் பாராட்டுவதாக முரசு எழுதியிருந்தது.

பத்து மணிக்குப் பெருந்தகை கடைக்கு வந்தார். அறுபது வயது, கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, உப்பில் வெடித்த குதிகால். கையில் முரசு இருந்தது.

“ஏம்மா, நா எப்பம்மா இன்ஜின் குடுத்தேன்?”

“இன்னும் குடுக்கலியாண்ணா?” என்றார் சாமுண்டீஸ்வரி, பச்சைக் குழந்தையின் முகத்தோடு.

“காலைலேர்ந்து ஏழு பேரு கை குடுத்துட்டானுங்க. டீக்கடையில காசு வாங்க மாட்டன்றான். நா குடுக்கல, குடுக்கவும் மாட்டேன். அடுத்த வாரம் திருத்தம் போடு.”

“முரசுல திருத்தம் போடறதில்லண்ணா.”

“தெரியும். செத்துட்டேன்னு போட்டியே, அப்பவும் போடல. இப்ப நல்லவன்னு போட்டுட்ட, இதுக்கும் போட மாட்டன்ற. உங்கிட்ட மாட்டுனவன் என்னாதாம்மா பண்ணுவான்?”

ஜெராக்ஸுக்கு நின்றிருந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சாமுண்டீஸ்வரிக்கும் உதடு துடித்தது. தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. அந்தப் பெண் தாள்களை வாங்கிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்தப் போட்டோவ அவன்தானம்மா குடுத்தான்? அவன் அப்பன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. முப்பது வருஷம் ஒரே வரப்புல சோறு தின்னோம். அன்னிக்கு இருந்த ரோஷத்துல ஒரு புடி வாய்க்கரிசி போடக்கூட நா போவல.”

வந்த போட்டோவத்தாண்ணா போட்டோம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை தயாராக வந்து நின்றது. சாமுண்டீஸ்வரி அதை விழுங்கினார். கம்ப்யூட்டரில் பழைய படங்கள் இருக்கும் இடத்தைத் தேடித் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

வெள்ளைக் குவியலுக்கு முன்னால் இரண்டு பேர். தனகோடியின் அப்பாவுடைய கை தெய்வசிகாமணியின் தோளில் கிடந்தது.

“அவன் இதத்தாண்ணா அனுப்பினான். போன்ல பேசிக்கினே நாந்தான் ஆள மாத்தி வெட்டிட்டேன். தனகோடி மேல தப்பே இல்ல.”

தெய்வசிகாமணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். “தோள்ல இருக்கிற வெரலு யாருதுன்னு அப்பவே பாத்தேன்” என்றார். “ஆத்திரத்துல யோசிக்கல.” பிறகு, “மூணு வருஷமா இதச் சொல்ல வாய் வரலியா உனக்கு?”

“பத்திரிகை பேரு கெட்டுடும்னு...” என்று இழுத்தார் சாமுண்டீஸ்வரி. ஊரையே வாயால் கட்டி ஆளுகிற அந்த அம்மாளுக்கு வெட்கமாக இருந்தது.

“ஒரு பிரிண்ட் போடு. வெட்டாம போடு.” படத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். “எங்கிட்ட சொல்லிட்ட. ஊருக்கு யாரு சொல்றது?”

மூன்று மணிக்குக் குட்டியானை வண்டி ஒன்று கடையைத் தாண்டி உப்பளத்துப் பக்கம் போயிற்று. பின்னால் ஆயில் இன்ஜின். அதைக் கட்டிப்பிடித்தபடி தெய்வசிகாமணி. கடையைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் தனகோடியிடமிருந்து போன் வந்தது.

“தண்ணி பாயுதுக்கா! அவரே வந்து எறக்குனாரு. ஒரு வார்த்த பேசல. ஸ்டார்ட் ஆவற வரைக்கும் நின்னாரு. அப்பா போட்டோ ஒண்ணு கையில குடுத்துட்டு, ‘நாளைக்கு டீசல் ஊத்த வரேன்’னு சொல்லிட்டுப் பூட்டாரு.”

ஆக, இன்ஜின் செய்தி அன்றைக்கே உண்மையாகிவிட்டது. அதற்குத் திருத்தம் தேவையில்லை. சாமுண்டீஸ்வரி அடுத்த ஐந்து நாளும் சுறுசுறுப்பாக இருந்தார். குயிலாப்பாளையம் வரை போய்ச் செய்தி சேகரித்தார். செய்யவேண்டிய ஒரு வேலையைத் தவிர எல்லா வேலையும் செய்தார்.

வியாழக்கிழமை, அச்சகம் இரண்டு தடவை போன் பண்ணிய பிறகு, உட்கார்ந்து தட்டினார். “திருத்தம்: மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியான கண்ணீர் அஞ்சலியில் படம் மாறியது ஆசிரியரின் தவறு. படம் அனுப்பிய தனகோடி மீது எந்தத் தவறும் இல்லை.” படித்துப் பார்த்தார். எழுத்தைச் சிறிதாக்கினார். இன்னும் சிறிதாக்கினார். கம்ப்யூட்டர் அதற்குமேல் சம்மதிக்காத அளவுக்கு வந்ததும், நான்காம் பக்கத்தின் அடியில், ரத்தப் பரிசோதனை நிலைய விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி அதைப் பதுக்கி வைத்துவிட்டு அனுப்பினார். போட்டாயா என்றால் போட்டாயிற்று. யார் கண்ணில் படப்போகிறது?

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கட்டு வந்தது. மூன்று கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, வழக்கம்போல முதல் பக்கம் ரோட்டைப் பார்க்க மாட்டினார். இறங்கினார். டீக்கடையில் தெய்வசிகாமணியும் தனகோடியும் ஒரே பெஞ்சில், இன்னும் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெய்வசிகாமணி டீயை ஆற்றியபடி கயிற்றில் தொங்குகிற பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமுண்டீஸ்வரி மறுபடியும் ஸ்டூல் மேல் ஏறினார். கிளிப்புகளைக் கழற்றி, பத்திரிகையைத் திருப்பி, நான்காம் பக்கம் ரோட்டைப் பார்க்க மாட்டினார். பிறகு கீழே இறங்கி, பக்கத்து ஆணியில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்து, அதன் கண் ரத்தப் பரிசோதனை விளம்பரத்துக்குச் சரியாகக் கீழே வந்து நிற்கும்படி சணல் கயிற்றை இழுத்துக் கட்டினார்.