கடல் பார்க்க ஓரணா

காலை ஏழு மணிக்கு ராயபுரத்து நண்பர் வீட்டிலிருந்து நானும் என் மனைவி கமலமும் கிளம்பினோம். புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. சேலத்திலிருந்து வந்து நான்கு நாளாகியும் எண்ணூரைக் காட்டவில்லை என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். திருவொற்றியூர் வரை நாலு மைல், பஸ். வழியெல்லாம் புகைபோக்கியும் கருவாட்டு வாசனையும்தான். அங்கிருந்து ஐந்து மைலுக்கு மேல் ஜட்கா வண்டி. வண்டிக்காரர் கபூர் பாய் ஒன்றரை ரூபாய் கேட்டார். நான் ஒரு ரூபாய் என்றேன்.

"குதுர கொள்ளு துன்னுது நைனா, காத்து துன்னல" என்றார். ஒன்றேகாலுக்கு முடிந்தது.

ஒன்பது மணிக்கு முகத்துவாரத்தை நெருங்கினோம். மணல்பாதையில் இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது. தகர டப்பாவோடு முனியம்மா என்ற மீனவப் பெண் நின்றாள்.

"கடல் பாக்க வர்றவங்க ஆளுக்கு ஓரணா சாமி."

எனக்கு வந்ததே கோபம்! "கடலை நீங்களா வெட்டினீங்க? நாளைக்குக் காத்துக்கும் வரி போடுவீங்களா?"

"இன்னிக்கு எங்க பாடு சாமி."

கோபம் அப்படியே இறங்கிவிட்டது. ஐயோ பாவம், என்ன கஷ்டமோ! இரண்டணாவைப் போட்டேன். கூடவே நாலணாவையும் போட்டு, "உன் பாட்டுக்கு வச்சுக்கோம்மா" என்றேன்.

அவள் அந்த நாலணாவை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள். "பிச்சையா போடுற? பாடுன்னா கஸ்டம்னு எவன் சொன்னான்?"

கபூர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கமும் அவரே சொன்னார். இங்கே உப்பங்கழியில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. முறை வைத்துப் போடுவார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பட்டணத்து ஜனங்கள் பொழுதுபோக்க வர ஆரம்பித்ததும் குப்பங்கள் கூடிப் பேசி, இந்த ஓரணாவையும் பாடு வைத்துவிட்டன. ஒரு ஞாயிறு ஒரு குப்பம். வசூல் அந்தக் குப்பத்தின் பொதுக்காரியத்துக்கு. போன ஞாயிறு பக்கத்துக் குப்பம் கிணற்றுக்கு உறை வாங்கியதாம்.

"எங்களுக்குப் பெரிய லாந்தர் வோணும்மா" என்று முனியம்மா கமலத்திடம் சொன்னாள். "மொகத்துவாரத்துல கம்பம் நட்டு ஏத்தி வச்சா, இருட்டுல வர்ற கட்டுமரத்துக்கு வழி தெரியும். போன மாசம் என் தம்பி மணல்திட்டுல மோதி கை ஒடிஞ்சு வூட்ல கீறான். அடுத்த பாடு வர்றதுக்குள்ள மழை புடிச்சுக்கும்."

கழியில் படகுச் சவாரி போனோம். கமலம் முழங்கால் வரை அலையில் நின்று புடவையை நனைத்துக்கொண்டாள். அப்பா, என்ன காற்று! நான்கு நாள் ஊடல் அங்கேயே பறந்துபோயிற்று. இரண்டு மணிக்கு வானம் கறுத்துத் தூறல் போட்டது. அதன்பின் ஒருவரும் வரவில்லை.

நாலு மணிக்குத் திரும்பியபோது முனியம்மா டப்பாவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாந்தருக்கு ஏழணா பத்தலம்மா" என்றாள்.

என் கை சட்டைப்பைக்குள் போயிற்று. அவள் முறைத்தாள். கையை வெளியே எடுத்துவிட்டேன்.

ஜட்காவில் ஒரு காலை வைத்த கமலம் இறங்கினாள். "ஏம்மா, வெளியே போனவங்க மறுபடி கடல் பார்க்க வந்தா மறுபடியும் வரி உண்டா?"

"உண்டும்மா. எத்தினி தபா வந்தாலும் ஓரணாதான்."

கமலம் என் கையைப் பிடித்து இழுத்தாள். கயிற்றைத் தாண்டினோம், இரண்டணா. கடலைப் பார்த்தோம், வெளியே வந்தோம். மறுபடி உள்ளே, இரண்டணா. மூன்றாம் முறை கபூர் பாயும் குதிரையைக் கட்டிவிட்டு வந்தார். "நானும் கடல் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

முனியம்மா ஒவ்வொரு தடவையும் கணக்காகக் கை நீட்டி வாங்கினாள். சிரிப்பை அடக்கியதில் மூக்குத்தி மட்டும் ஆடியது. கடைசியில் டப்பாவையே பாயிடம் கொடுத்து, "நல்லதா பாத்து வாங்கு. நாளைக்குக் காலீல கொண்டாந்துடு" என்றாள்.

சேலத்தில் வருஷம் தவறாமல் வரி கட்டுகிறேன், திட்டிக்கொண்டேதான். அது எங்கே போகிறதென்று கேட்டதில்லை. கேட்டாலும் யார் சொல்லப்போகிறார்கள்?

ஆறரை மணிக்குத் திருவொற்றியூரில் ஒரு விளக்குக் கடை முன்னால் வண்டி நின்றது. பாய் லாந்தரைப் பொறுக்கி, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தித் தூக்கிக் காட்டினார்.

"எரியுதா பாரு நைனா."

தெருவே வெளிச்சமாயிற்று. நான் கட்டிய வரியை அன்றுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.