யாரும் வைக்காத புள்ளி

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் திருமணத் தகவல் மையம் ஒன்று இருந்தது. இரண்டாயிரம் பிறந்த புதிதில், அதற்கு விஷுவல் பேசிக்கில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் படித்து முடித்த எனக்கு அதுதான் முதல் வேலை. அங்கே கம்ப்யூட்டர் முன்னிருந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. அதை விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மையத்தின் முதலாளி ஜாதகக் கட்டோடு ஊர் ஊராக அலைந்து ஓய்ந்த தரகர். அவருக்கு டைப் அடிக்க வராது. அதனால் பெயரைத் தவிர மற்றதையெல்லாம் மவுஸாலேயே தேர்ந்தெடுக்கும்படி செய்தேன். நட்சத்திரத்துக்கும் படிப்புக்கும் கீழே விரிகிற காம்போ பாக்ஸ். பொருந்துகிறவர்களின் பெயர் வந்து விழ ஒரு லிஸ்ட் பாக்ஸ். ‘கல்யாணத்துக்குப் பின் வேலை’ என்பதற்கு மட்டும் இரண்டு ஆப்ஷன் பட்டன்கள்: போவார், போகமாட்டார். சின்ன வட்டங்கள்தான். ஒன்றில் புள்ளி வைத்தால் மற்றதில் இருப்பது தானாகப் போய்விடும்.

“ரெண்டும் காலியா இருந்தா ஒவ்வொரு வாட்டியும் அமுக்கிகினு இருக்கணும், பேஜாரு. எல்லாரும் மாட்டான்னுதான் சொல்லப் போறாங்க. நீயே அதுல புள்ளி வச்சிடும்மா” என்றார் முதலாளி. ஒரு வரி வேலை. வைத்துவிட்டேன்.

ஒரு நாள் சேத்துப்பட்டிலிருந்து ஓர் அம்மாள் மகனுக்குப் பெண் தேடி வந்தார். முதலாளி பெருமையோடு என்னைத் தேடிக் காட்டச் சொன்னார். அந்த அம்மாள் சொல்லச் சொல்ல நான் தேர்ந்தெடுத்தேன். நட்சத்திரம் வைத்ததும் பாதிப் பெயர்கள் போயின. “வேலைக்குப் போற பொண்ணு வேணாங்க” என்றார். அந்த வட்டத்தை அமுக்கினேன், ஒரு பெயரும் குறையவில்லை. கடைசியாக டிகிரி என்றதும் பட்டியலில் ஒரே ஒரு பெயர் நின்றது.

என் பெயர்.

தூக்கிவாரிப் போட்டது. வேறு யாரோ அதே பெயரில் இருப்பாள் என்று கிளிக் செய்தால், என் போட்டோ பல்லைக் காட்டுகிறது. “உங்கப்பாதாம்மா போன வாரம் குடுத்துட்டுப் போனாரு. அமைஞ்சா சொல்லிக்கலாம்னாரு” என்று முதலாளி சிரித்தார். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணேதானா! வேலைக்கும் போகாதாம். ரொம்ப நல்லதாப் போச்சு!” வேலை செய்துகொண்டிருக்கும்போதே இப்படி ஒருவர் சொல்லக் கேட்டவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா ஓட்டும் விசைத்தறிக் கொட்டகைக்கு நேராகப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். “வேலைக்குப் போக மாட்டேன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

அவர் திகைத்துப்போய்த் தறியை நிறுத்தினார். “நான் எங்கம்மா சொன்னேன்? பேரு, படிப்பு, நட்சத்திரம் கேட்டாரு, குடுத்தேன். வேலையப் பத்தி யாருமே கேக்கலியே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. நான் வைத்த புள்ளி அப்படியே பதிவாகியிருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

மறுநாள் காலை ஒவ்வொரு பெண்ணின் பதிவாகத் திறந்தேன். டீச்சர், போகமாட்டார். தெள்ளாரில் நர்ஸாக இருக்கும் பெண், அவளும் போகமாட்டாராம். ஒருத்தி பாக்கியில்லை. அந்த ஒரு வரியை எடுத்தேன், எல்லாப் புள்ளிகளையும் அழித்தேன். இனிமேல் கேட்டு வைத்தால்தான் பதிவாகும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தபடியே ஒவ்வொரு வீடாகக் கேட்க ஒத்துக்கொண்டார்.

அன்று மதியமே சேத்துப்பட்டு அம்மாளின் ஆள் வந்து வீட்டில் விசாரித்ததில், அப்பா தானே மாடியேறி வந்தார். என் பதிவு திறந்திருந்தது, இரண்டு வட்டமும் காலி. “பொண்ணு வேலைக்குப் போவாளாங்க?” என்று முதலாளி முறையாகக் கேட்டார். எனக்குக் கவலையே இல்லை. நேற்று கொட்டகையில் அப்பா முகத்தில் பார்த்த திகைப்பு எனக்குப் போதுமாயிருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. “மாட்டான்னே போட்டுடுங்க. நல்ல எடம், வுட்டுடக் கூடாது.”

முந்தின அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நேற்று யாரும் கேட்கவில்லை என்றவர், இன்று கேட்டும் இதைத்தான் சொல்கிறார். “போட்டுடும்மா” என்றார் முதலாளி. மவுஸ் என் கையில் இருந்தது. ‘போவார்’ என்பதில் அமுக்கிப் பதிவு செய்தேன்.

அப்பா திரையருகே குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “அந்தம்மாவுக்கு நான் இன்னான்னு சொல்றது?”

“கேட்டதுக்குப் பொண்ணு பதில் சொல்லிட்டான்னு சொல்லுங்கப்பா” என்றேன்.