வீடு மந்திரிக்க வந்த எண்ணெய்

எம்.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டில் உயிர் அறவியல் என்று ஒரு பாடம். கருணைக்கொலை, வாடகைத்தாய், மரபணுத் திருத்தம் என்று வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவோம். ஏசி அறையில் உட்கார்ந்தால் யாருடைய கர்ப்பப்பையைப் பற்றியும் தாராளமாகக் கருத்துச் சொல்லலாம். அந்த வாரத் தலைப்பு, குணமாகாத நோயை நோயாளியிடம் சொல்லியே ஆகவேண்டுமா என்பது. சொல்ல வேண்டும் என்கிற கட்சி எனக்கு வந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவையும் என்னையும் டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கணையத்தில் கேன்சர், முற்றிவிட்டது என்றார். அப்பாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம்.

நான் நன்றாகவே பேசினேன். அவர் உடம்பு, அவர் சாவு. மறைப்பதற்குப் பெயர் அன்பு அல்ல, திருட்டு என்றேன். நம் குடும்பங்களின் வழக்கம் வேறு என்று ஆரம்பித்த எதிர்க்கட்சிக்காரனை ஒரு பிடி பிடித்தேன். கைதட்டினார்கள். உணர்ச்சிவசப்படாமல் பேசியதற்காகப் பேராசிரியர் பாராட்டினார். உணர்ச்சி இருந்தால்தானே வசப்படுவதற்கு. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ராயபுரத்தில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்தால் சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு ஒரே கவலை, அவஸ்தைப் பூசுதல் இல்லாமல் அப்பா போய்விடக் கூடாது. சாகக் கிடக்கிறவர்களுக்குச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபித்து எண்ணெய் பூசுவது அது. எண்ணெயோடு சாமியார் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், எங்கள் தெருவில் அடுத்த போன் பந்தல்காரருக்குத்தான் போகும்.

"வூடு மந்திரிக்கணும்னு கூப்புடுக்கா," என்றாள் சித்தி. "தீர்த்தம் தெளிக்கிறப்போ அப்டியே எண்ணெயும் வெச்சிட்டுப் போவட்டும். மாமாவுக்கு இன்னா தெரியப் போவுது?"

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களில் யார் படுக்கையில் விழுந்தாலும், சாமியாருக்கு முன்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போகிறவர் அவர்தான். அவருக்குத் தெரியாதாம். இரண்டு பேரும் இதை மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. மறந்துவிட விரும்பினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் வகுப்பிலேயே பேசித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிறு மாலை சாமியார் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், சின்ன வயது. கூடம், சமையலறை, பீரோ வரைக்கும் தீர்த்தம் தெளித்தார். பிறகு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து, நெற்றியில் எண்ணெயால் சிலுவை வரைந்து, "கையைக் காட்டுங்க ஐயா," என்றார்.

வீடு மந்திரிக்கும்போது யாரும் உள்ளங்கையில் எண்ணெய் வைப்பதில்லை. அப்பா அவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை இறுக மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். ஜெபம் முடிந்ததும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஆமென் சொன்னது அவர்தான்.

அம்மாவும் சித்தியும் சாமியாரை வழியனுப்பத் தெருமுனைவரை போனார்கள். அப்பா எண்ணெய்க் கைகளை எதிலும் படாமல் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

"அல்சர் இல்ல, இன்னாம்மா?"

"இல்லப்பா. கேன்சர்."

வகுப்பில் அவ்வளவு நேரம் வாதாடிய விஷயம் இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சிப்போச்சின்னு அம்மாகிட்ட சொல்லாத," என்றார். "பாவம், இவ்ளோ ஏற்பாடு பண்ணிக்கீறா."

அம்மா திரும்பி வந்து, சாமியார் காபி குடித்த தம்ளரைக் கழுவ நின்றாள். பல நாளுக்கப்புறம் அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்பா எதுனா கேட்டாரா?"

"கேக்கலம்மா," என்றேன்.

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார், அல்சர் மாத்திரை எங்கே வைத்திருக்கிறாய் என்று.